பனிக்கடலோர இளைஞர்களை இணையவழி அழைப்பவர்கள் செய்யக் கூடாதவை

கனடாவின் ஹட்சன் விரிகுடாவில், பெல்ச்சர் தீவுகளில், சானிகிலுவாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து வேட்டைக்குப் புறப்படும், ஆர்க்டிக் பூர்வகுடியான இனுயிட் இனத்து இளைஞர் ஒருவர் உறைந்த கடலின் விளிம்பை நெருங்கும்போது, உனாக் எனப்படும் நீண்ட ஈட்டியால் பனியைக் குத்திப் பார்க்கிறார். ஈட்டி சட்டென்று உள்ளே இறங்கினால் அந்தத் திசையில் அடுத்த அடி வைக்க மாட்டார். பிறகு கையுறையைக் கழற்றுகிறார். குளிரில் மின்கலம் செத்துவிடக் கூடாது என்று உடல்சூட்டில் பொதிந்து வைத்திருந்த கைப்பேசியை எடுக்கிறார். இடத்தைப் படம்பிடித்து, பனியின் தன்மையைத் தம் மொழியின் சொல்லால் குறித்துவிட்டு மீண்டும் உள்ளே செருகிக்கொள்கிறார். அங்கே சிக்னல் கிடையாது. ஊர் திரும்பிய பின்னரே அந்தப் பதிவு அடுத்த நாள் புறப்படவிருப்பவர்களைச் சென்றடையும்.

இப்படிப்பட்ட பயன்பாட்டுக்காகவே, அதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்டிக் ஈடர் சொசைட்டி ‘சிகு’ என்ற செயலியை 2019 டிசம்பரில் வெளியிட்டது. இனுயிட் மொழியில் சிகு என்றால் கடற்பனி. பனியின் மேல் நடப்பவருக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கி, அதற்கேற்ப இணையத்தை வளைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. இயற்கைப் பாதுகாப்புக்காக வடக்கின் இளைஞர்களை இணையவழி திரட்ட வெளியிலிருந்து வரும் நல்லெண்ணம் கொண்ட திட்டங்கள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. முதலில் ஒரு வலைப்பக்கமும் கவர்ச்சியான ஒரு முழக்கமும் தயாராகின்றன. அதன் பிறகுதான் அவற்றில் சேர இளைஞர்களைத் தேடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிழையிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கணிப்பு.

பெயரிலேயே தவறு தொடங்கிவிடக்கூடும். நம் பள்ளிப் பாடங்களில் படித்த ‘எஸ்கிமோ’ என்ற சொல்லைக் கனடாவின் இனுயிட் மக்கள் ஏற்பதில்லை. அந்தச் சொல்லோடு ஓர் அழைப்பு போனால் அதைத் திறந்து படிக்கவே யாருக்கும் மனம் வராது. ‘வடக்குப் பூர்வகுடிகள்’ என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் சரியன்று. இனுயிட், தெனே, கிரீ, குவிச்சின், ஐரோப்பாவின் வடக்கிலுள்ள சாமி ஆகியோர் வெவ்வேறு மொழியும் நிலமும் அரசியல் உடன்பாடுகளும் கொண்ட மக்கள். கலைமான் மேய்க்கும் சாமி இளைஞரின் கவலை வேறு, கடற்பனியில் சீல் என்னும் கடல்நாயைத் தேடும் இனுயிட் இளைஞரின் கவலை வேறு.

கனடாவின் தெற்கில் கிடைக்கும் இணைய வேகம் அங்கேயும் கிடைக்கும் என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு. கனடாவின் வடக்கில் 1999-இல் தனி ஆட்சிப்பகுதியாக உருவான நுனாவுட்டில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை கிடையாது. இணையத்துக்கு நீண்ட காலமாகச் செயற்கைக்கோளையே நம்பியிருக்கிறார்கள். கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வினாடிக்கு 50 மெகாபிட் என்ற இலக்கை 2016-இலேயே நிர்ணயித்தபோதும், வடக்கில் பல வீடுகளுக்கு அது வெகுகாலம் கைக்கு எட்டாத எண்ணாகவே இருந்தது. இரண்டு மணி நேரக் காணொளிக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் மாதாந்தரத் தரவில் கணிசமான பகுதி கரைந்துபோகலாம். அந்தக் கூட்டத்தில் முகம் காட்டாத இளைஞரை ‘ஆர்வமில்லாதவர்’ என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். குறைந்த தரவில் இயங்கும் எழுத்துச் செய்தி, சிறிய படம், குரல்பதிவு, சிக்னல் இல்லாத இடத்திலும் சேமித்து வைக்கும் வசதி ஆகியவற்றை முதலில் அமைத்துவிட்டு, அதன் பிறகு காணொளியைப் பற்றி யோசிப்பதே முறை.

நாட்காட்டியிலும் கவனம் தேவை. கியூபெக்கின் வடபகுதியில் வாழும் கிரீ மக்களின் ஊர்களில் மே மாதத்தில் வாத்து வேட்டைக்காகப் பள்ளிகளுக்கே விடுமுறை விடுகிறார்கள். குடும்பங்கள் காட்டு முகாம்களுக்குப் போய்விடுகின்றன. அந்த வாரங்களில் இணையப் பயிலரங்கை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. நுனாவுட்டுக்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள் இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆழமான காயத்தை உண்டாக்கும் தவறு, வேட்டையை இயற்கைக்கு எதிரியாகச் சித்தரிப்பதுதான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1983-இல் ஐரோப்பியச் சமூகம் சீல் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. இனுயிட் மக்கள் முக்கியமாக வேட்டையாடுவது அந்தக் குட்டிகளை அன்று. ஆனாலும் சீல் தோல் என்றாலே வாங்க ஆளில்லாமல் விலை வீழ்ந்து, பனிநாட்டுக் குடும்பங்களின் கைக்காசு வற்றியது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பரந்த தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தும், சந்தையே இல்லாத இடத்தில் விலக்கினால் என்ன பயன்? பின்னர் 2014-இல், ஆஸ்கர் விழாவில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற தற்படம் (செல்ஃபி) ஒன்றையொட்டி, சீல் வேட்டையை எதிர்க்கும் விலங்குநல அமைப்பொன்றுக்கு நன்கொடை போனது. அதற்கு இனுயிட் மக்கள், குறிப்பாக இளைஞர்கள், சீல் தோல் ஆடைகளை அணிந்து தங்கள் படங்களை ‘சீல்ஃபி’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் குவித்துப் பதில் சொன்னார்கள். பாட்டி தைத்த காலணி, தந்தை வேட்டையாடிய சீலின் தோலில் செய்த மேலங்கி என்று ஒவ்வொரு படமும் ஒரு வீட்டின் உழைப்பைக் காட்டியது. அதே ஆண்டில் கிரீன்பீஸ் கனடா, தன் பழைய சீல் எதிர்ப்பு இயக்கத்தால் இனுயிட் மக்களுக்கு நேர்ந்த பாதிப்புக்காக மன்னிப்புக் கேட்டது.

இணையம் வழியாக ஒன்றுதிரள்வதை அந்த இளைஞர்களுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கடைப் பொருட்களின் விலை தெற்கைவிடப் பன்மடங்காக இருக்கும் ஊர்களில், சீலும் கரிபு எனப்படும் காட்டுக் கலைமானும் ஆர்க்டிக் கார் மீனும்தான் முக்கிய உணவு. இளைஞர் ஒருவர் தம் முதல் வேட்டையின் படத்தைக் குழுவில் பகிர்ந்தால், ‘மனத்தை வருத்தும் காட்சி’ என்று அதை நீக்கும் நடுவர் அந்தக் குழுவையே கலைத்துவிடுகிறார். வேட்டைக்காரருக்கு விலங்கு குறையாமல் இருக்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் அங்கே இயற்கைப் பாதுகாப்பு பேசப்படுகிறது.

தரவு யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. வெண்கரடியின் குகை, நல்ல மீன் கிடைக்கும் ஏரி, கரிபு கடக்கும் தடம் ஆகியவற்றின் இருப்பிடத்தைத் திறந்த வரைபடத்தில் போட்டுவிட்டால், அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது பகிர்ந்தவரின் கையில் இல்லை. அந்த மக்களின் அறிவை ஆய்வாளர்கள் தலைமுறைகளாக வந்து வாங்கிக்கொண்டு போய், கட்டுரையை மட்டும் தெற்கில் வெளியிட்ட அனுபவம் அங்கே இன்னும் ஆறவில்லை. கிரீ, தெனே முதலிய கனடாவின் முதற்குடிகள் 1998-இலேயே உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்ற நான்கு கொள்கைகளைத் தங்கள் தரவுக்காக வகுத்தார்கள். இனுயிட் மக்களின் தேசிய அமைப்பு 2018-இல் தன் ஆராய்ச்சிக் கொள்கையை வெளியிட்டது. நுனாவுட்டில் ஆராய்ச்சி செய்ய உரிமம் பெற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ‘இணையத்தில் படம்தானே கேட்கிறோம்’ என்று அதைத் தாண்டிப் போகக் கூடாது. சிகு செயலியில் பதிவுகளின் உரிமை பதிந்தவரிடமே இருக்கிறது. நீண்ட ஆங்கில ஒப்பந்தத்தின் அடியில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை வைப்பதை ஒப்புதல் என்று நான் கருதமாட்டேன்.

மூத்தோரை விட்டுவிட்டு இளைஞரை மட்டும் அழைப்பது, திறமையானவர்களையே பலவீனமாக்கிவிடும் வழி. எந்தக் காற்றில் கரையோடு ஒட்டிய பனி பெயரும், எந்த மாதத்தில் நீரோட்டம் பனியை அடியிலிருந்து தின்னும் என்பதெல்லாம் இனுயிட் மூத்தோரின் பேச்சிலும் நடையிலும் இருக்கும் அறிவு. கைப்பேசியில் விரல் ஓடும் பேரனும், பனியைப் பார்த்தே நிலைமை சொல்லும் தாத்தாவும் ஒரே பதிவில் சேர்ந்தால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. கரையோடு ஒட்டிய பனிக்குத் துவாக் என்றும், பனி முடிந்து திறந்த நீர் தொடங்கும் விளிம்புக்குச் சினா என்றும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பும் படிவத்தில் இவை எல்லாம் ‘பனி’ என்று ஒன்றாகிப்போகும். நுனாவுட்டின் பெரும்பகுதியில் அசைக்கொரு குறியான அசையெழுத்தும், மேற்குப் பகுதியிலும் கனடாவின் கிழக்கிலுள்ள லாப்ரடார் கரையிலும் உரோமன் எழுத்தும் வழங்குவதால், செயலி இரண்டையும் ஏற்க வேண்டும். நுனாவுட்டின் பாண்ட் இன்லெட் ஊரில் தொடங்கிய ‘இகார்விக்’ திட்டத்தின் பெயருக்குப் பாலம் என்று பொருள். அறிவியலையும் மூத்தோரின் அறிவையும் தங்கள் ஊரின் கேள்விகளுக்காக இணைத்துப் பார்க்கும் வேலையை அங்கே இளைஞர்களே நடத்துகிறார்கள்.

உழைப்புக்குக் கூலி கொடுக்காமல், சான்றிதழும் சட்டையும் கொடுத்து ‘தூதுவர்’ என்று அழைப்பதைப் பற்றி வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பனிச்சறுக்கு வண்டிக்குப் பெட்ரோலை யார் போடுவது? லாப்ரடாரின் நெயின் ஊரில், பனியின் தடிமனை அளக்கும் மிதவைகளைப் பொருத்தும் பணிக்கு ஸ்மார்ட்ஐஸ் அமைப்பு இனுயிட் இளைஞர்களைப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தியது; அளவுகள் வரைபடமாகி ஊராரின் கைப்பேசிக்கு வருகின்றன. வடமேற்கு ஆட்சிப்பகுதியின் லுட்சல் கே ஊரில் தெனே மக்கள் 2008 முதல் நிலக் காவலர்களை நியமித்து வருகிறார்கள். 2019-இல் காப்பகமான, 26,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான தைதெனே நெனே நிலப்பரப்பில் அந்தக் காவலர்கள் பணிபுரிகிறார்கள். சம்பளமும் பொறுப்பும் சேர்ந்த வேலையாக இருந்தால், இணையப் பதிவு அந்த வேலையின் இயல்பான ஒரு பகுதியாகிவிடும்.

மானியம் தீர்ந்ததும் வலைத்தளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவது கடைசித் தவறு. நுனாவுட்டின் ஒவ்வோர் ஊரிலும் வேட்டைக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. திட்டத்தின் முதல் மாதத்திலேயே அந்தச் சங்கத்தோடு பேசி, படங்கள், குரல்பதிவுகள், இடக்குறிப்புகள் எல்லாவற்றின் முழுப்பிரதியும் எந்த வடிவில், எந்த நாளில், யாருடைய கணினிக்குப் போய்ச் சேரும் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். கடவுச்சொல்லும் அவர்களிடமே இருக்க வேண்டும்.