சொரசொரத்த புள்ளிகள்

ஹோரஸ் மார்ட்டின் கண்டுபிடித்த அதே தத்துவத்தில் ஓடும் பழைய 'பக்' மோர்ஸ் கீ, அதாவது புள்ளியும் கோடுமான மோர்ஸ் தந்திக்குறிகளை அனுப்பும் கருவி, ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளினால் தண்டு அதிர்ந்து புள்ளிகளைத் தானே அடுக்கும். கோடுகளை மட்டும் நாம் கையால் போட வேண்டும்.

வாங்கிய புதிதில் புள்ளிகள் சொரசொரவென்று உடைந்து வந்தன. உப்புத்தாள் தேய்க்க மனம் வரவில்லை. அது, தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் வெள்ளிமுனையைத் தின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டை இரு முனைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தேன். தாளில் கரும்கோடு விழுந்தது. கோடு விழுவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப இழுத்தேன்.

அப்புறமும் முழுசாகச் சரியாகவில்லை. நெம்புகோலைப் புள்ளிப் பக்கம் பிடித்துக்கொண்டு, தண்டு ஆடி ஓயும்வரை காத்திருந்தேன். மல்டிமீட்டரை இணைத்து, முனைகள் தொட்டும் தொடாமலும் சேரும் இடம்வரை திருகை நகர்த்தினேன். கால் சுற்றுகூட இருக்காது. கடைசியாக, புள்ளிமுனையைத் தாங்கும் 'யு' வடிவ வில்லுக்குள் சின்னப் பஞ்சுத் துணுக்கைச் செருகினேன். முனை பட்டுத் தெறிக்கும் துள்ளல் அடங்கியது.

புள்ளிகளின் வேகம் இன்னும் அதிகம்தான். வேகத்தைக் குறைக்க, தண்டில் நகரும் எடையை அதன் நுனிக்குத் தள்ளினாலும் என் கோடுகள் பின்தங்குகின்றன. ஆனால் அந்தப் புள்ளிகள்! ஒவ்வொன்றும் மணிமணியாக விழுகிறது.