கட்டிலடியில் தங்கும் டப்பாக்கள்: வீட்டுப் பொருள் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996-ல் டப்பர்வேர் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் டப்பா கம்பெனி இந்தியாவுக்கு வந்தது. அதன் பிறகு, தெரிந்த அக்காவிடம் கேட்லாக் பார்த்து டப்பா வாங்குவது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. அந்த அக்காவாகச் சில வருடம் இருந்தவள் நான். என் அனுபவத்தில், இந்தத் தொழிலில் கை சுடுவது விற்கும்போது அல்ல, சரக்கு எடுக்கும்போதுதான்.

மாதக் கடைசியில் மேலே இருப்பவர், அதாவது நம்மை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவர், போன் செய்வார். "டார்கெட்டுக்கு இன்னும் நாலாயிரம்தான் குறையுது. நீங்களே எடுத்துப் போட்டுடுங்க, அடுத்த மாசம் வித்துடலாம்." நானும் எடுத்தேன். ஒரு கேசரோல் பரிசு வந்தது. எடுத்ததில் பாதி எட்டு மாதம் கட்டிலடியில் கிடந்து, கடைசியில் சொந்தக்காரர்களின் கிரகப்பிரவேசங்களுக்குப் போனது. கணக்குப் பாருங்கள்: 600 ரூபாய் டப்பாவில் உங்களுக்கு 150 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். விற்காத ஒரு டப்பாவில் முடங்குவது 450. மூன்று டப்பா விற்ற லாபம் அதோடு சரி. அதனால் ஆர்டரும் பாதிப் பணமும் கைக்கு வந்த பிறகே சரக்கு எடுங்கள். டெமோ காட்ட நாலைந்து பொருள் தாராளம்.

டெமோ இல்லாமல் வாட்ஸ்அப்பில் படம் மட்டும் அனுப்புவது அடுத்த தவறு. அமெரிக்காவில் டப்பர்வேர் 1951-ல் கடை விற்பனையை விட்டு வீட்டு விருந்துகளுக்கு மாறியதற்குக் காரணமே, அந்த மூடியை எப்படிப் போடுவது என்று யாராவது செய்து காட்ட வேண்டியிருந்ததுதான். டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். மூடியின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கினால் 'புஸ்' என்று காற்று வெளியேறும். ஓரத்தை அமுக்கிவிட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். அப்புறம் வாங்குபவர் கையாலேயே ஒருமுறை மூடவிடுங்கள். மூடத் தெரியாமல் வாங்கிப் போனால் ரவையில் வண்டு வரும். உங்களுக்குப் போனும் வரும்.

வாரன்ட்டி விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். அடுப்போரம் வைத்து உருகியதை எந்தக் கம்பெனியும் மாற்றித் தராது. மைக்ரோவேவில் வைக்கலாமா என்பதை டப்பாவின் அடியில் உள்ள குறியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தெரிந்தவர்கள் என்று உங்கள் கமிஷனை விட்டு விலையைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கினால் தெருவே அந்த விலை கேட்கும். கடன் கொடுத்தால் நோட்டில் எழுதி, அவர்களிடமும் காட்டிவிடுங்கள்.

2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிக் கேட்டு ஒப்புதல் வாங்காமலும் விற்பனைக்காக ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிட் திட்டங்களுக்கும் அதே விதிகள் தடை போட்டிருக்கின்றன. உங்களைச் சேர்க்க வருபவரிடம், "போன மாசம் வெளி ஆளுங்களுக்கு எத்தனை டப்பா வித்தீங்க?" என்று கேளுங்கள். டப்பாவை விட்டுவிட்டு எத்தனை பேரைச் சேர்த்தார் என்றே அவர் பேசினால், பணம் கட்டாதீர்கள்.