மத்திய அரசின் வளர்ச்சித் திட்டத்தைச் சேலத்திலிருந்து படிப்பது எப்படி?

பொருளாதார வளர்ச்சிக்கும் சமூகச் சீர்திருத்தத்துக்குமான திட்டங்களைத் தில்லி அறிவிக்கும்போது, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி பயிரிடுபவரும் அதில் தமக்குரியது எது என்று கண்டறிவது எளிதன்று. முதலில், அறிவிப்பின் ஒவ்வொரு வரியும் சட்டமா, பணம் ஒதுக்கப்பட்ட திட்டமா, வெறும் இலக்கா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டம் தரும் உரிமை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். திட்டமோ பணமும் காலவரையறையும் உள்ளவரைதான். இலக்கைக் காட்டி எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க முடியாது. 5 லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்பது இந்த மூன்றாம் வகை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, பிப்ரவரி 1 அன்று வெளியாகும் வரவு செலவுத் திட்டத்தில் அமைச்சரின் உரையை விடுத்து, செலவின ஆவணத்தைத் திறக்க வேண்டும். (உரையில் எந்தக் குறள் வந்தது என்பதற்கு நாம் தரும் கவனத்தில் பாதியாவது இந்த ஆவணத்துக்குக் கிடைக்கலாம்.) ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே நான்கு தொகைகள் இருக்கும். 2025-26க்கான ஆவணத்தில், 2023-24இல் உண்மையில் செலவானது, 2024-25க்கு முதலில் ஒதுக்கியது, அதே ஆண்டுக்குத் திருத்தி மதிப்பிட்டது, 2025-26க்கு ஒதுக்குவது என்று அவை வரிசையாக வரும். செய்தித்தாள்களில் வருவது பெரும்பாலும் கடைசித் தொகை; நீங்கள் ஒப்பிட வேண்டியவை நடுவில் உள்ள இரண்டும். திருத்திய மதிப்பீடு ஒதுக்கீட்டைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், பணம் எதிர்பார்த்த அளவுக்குச் செலவாகவில்லை என்று கொள்ளலாம்.

இனி விதிகளைப் படிக்க வேண்டும். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களை முறைப்படுத்த 2020இல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு 10,000 கோடி ரூபாய் என்றும், பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு ஏற்கும் என்றும் வகுக்கப்பட்டது. தகுதியான முதலீட்டில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். ஜவ்வரிசி வடகம் செய்ய 20 லட்சத்தில் ஒரு கூடம் அமைப்பவருக்கு 7 லட்சம் கிடைக்கலாம். 40 லட்சத்தில் அமைப்பவருக்கோ கணக்குப்படி 14 லட்சம் வந்தாலும் 10 லட்சத்தோடு சரி. சொந்தப் பங்காகக் குறைந்தது 10 விழுக்காடு போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது கடனோடு இணைந்த மானியம் என்பது. வங்கி கடன் தர ஒப்பாவிட்டால் மானியமும் இல்லை. ஆகவே வங்கி மேலாளரைப் பார்த்துப் பேசிய பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம். 2024-25 வரை என்றிருந்த திட்டம் பின்னர் ஓராண்டு நீட்டிக்கப்பட்டதால், விண்ணப்பிக்கும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலவரையறை ஏன் முக்கியம் என்பதைச் சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம் காட்டும். சிறு நகரங்களுக்கு விமானம் இயக்கக் குறிப்பிட்ட காலத்துக்கு மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018இல் சேவை வந்தது, 2021இல் நின்றது, 2023இல் மீண்டும் வந்தது.

சட்டத்தின் வழி வேறு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்து வந்திருந்தால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையைக் கிராம சபையில் தர வேண்டும். அதன் தீர்மானம் பாதகமாக அமைந்தால் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் பின் மாவட்ட அளவிலான குழுவிடமும் முறையிடலாம்.

எந்த வகையானாலும், பதில் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். "ஏன் தரவில்லை?" என்று எழுதினால் நழுவலான பதிலே வரும். இந்த நிதியாண்டில் மாவட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, வங்கிகள் திருப்பி அனுப்பியவை எத்தனை, அதற்குப் பதிவான காரணங்கள் எவை என்று கேட்டு, பதிவேட்டின் நகலையும் கோருங்கள்.