ஐடில் சர்டிபிகேட் யாருக்கு யூஸ் ஆகும்?

ஐடில் (ITIL)னா ஐடி சர்வீஸை எப்படி ஒழுங்கா நடத்தணும்னு சொல்ற வழிமுறைத் தொகுப்பு. சர்வீஸ் டெஸ்க், அப்ளிகேஷன் சப்போர்ட்னு டிக்கெட் (யூசர் பதியுற புகார், கோரிக்கை) பாக்குற வேலைல இருக்கீங்கன்னா அதோட ஆரம்ப நிலை சர்டிபிகேட்டான ஐடில் 4 பவுண்டேஷன் தாராளமா எடுங்க. டெவலப்பரா இருந்தா அந்தக் காசை கிளவுட் பக்கம் போடுறதுதான் நல்லது.

எக்ஸாம் பயப்படுற அளவுக்கு இல்ல, 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியா போட்டா பாஸ், நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. ஆனா பீஸ் கொஞ்சம் கனமாவே இருக்கும், அதனால கைக்காசை போடுறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, நிறைய கம்பெனில அந்தக் காசைத் திருப்பித் தருவாங்க, நாமதான் கேக்கறதே இல்ல. இன்னொண்ணு, 2023ல இருந்து இது லைஃப்டைம் கிடையாது, 3 வருஷத்துக்கு ஒருதடவை ரினியூ பண்ணணும்.

டம்ப்ஸை (வெளிய சுத்துற பழைய எக்ஸாம் கேள்வி-பதிலை) மனப்பாடம் பண்ணிட்டு மட்டும் போயிடாதீங்க ப்ளீஸ், இன்டர்வியூல மாட்டிப்பீங்க. இன்சிடென்ட்டுக்கும் ப்ராப்ளத்துக்கும் என்ன வித்தியாசம்னு கண்டிப்பா கேப்பாங்க. தினமும் காலைல பிரின்ட் சர்வர் தொங்குதுன்னு வைங்க, ரீஸ்டார்ட் பண்ணி யூசரை வேலை பாக்க விடுறது இன்சிடென்ட் மேனேஜ்மென்ட், ஏன் தினமும் தொங்குதுன்னு லாக் (log) ஃபைலை நோண்டி, டிஸ்க் ஃபுல் ஆகுறதை கண்டுபிடிக்கிறது ப்ராப்ளம் மேனேஜ்மென்ட். இந்த மாதிரி நீங்க பாத்த டிக்கெட்ல இருந்தே ரெண்டு உதாரணம் ரெடியா வச்சுக்கோங்க, இன்சிடென்ட் மேனேஜர், சேஞ்ச் கோஆர்டினேட்டர் ரோலுக்கெல்லாம் வெறும் சர்டிபிகேட்டை விட அதுதான் பேசும்.

கையில டூல் அனுபவம் இல்லன்னா டிக்கெட் பாக்குற டூலான சர்வீஸ்நவ்ல (ServiceNow) பெர்சனல் டெவலப்பர் இன்ஸ்டன்ஸ், அதாவது நாமளே பழகிப் பாக்க ஒரு தனி காப்பி, ஃப்ரீயாவே தர்றாங்க, அதுல டிக்கெட் போட்டு குளோஸ் பண்றது வரைக்கும் பழகிட்டு அப்புறம் எக்ஸாம் புக் பண்ணுங்க.