நான்கு குழாய்களில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும்: வீட்டில் செய்து பார்க்கும் முறை

"தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன" என்று எழுதுகிற மாணவருக்குப் பெரும்பாலும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டுமே சரியானது. உயிருள்ள செல் எதுவும் பகல், இரவு பார்த்துச் சுவாசிப்பதில்லை. உச்சிவெயிலில் நிற்கும் வேப்பிலையும் அந்த நொடியில் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று பாட்டி சொன்னதற்கு, "மரம் இரவில் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது" என்று அறிவியல் விளக்கம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து போய்விடும். அதை அஞ்சுவதானால், கதவைச் சாத்திய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவரைத்தான் முதலில் அஞ்ச வேண்டும்.

ஒளிச்சேர்க்கை பச்சையம் உள்ள செல்களில், பசுங்கணிகத்தில், ஒளி இருக்கும்போது மட்டும் நடக்கிறது: ஆறு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளையும் நீரையும் கொண்டு ஒரு குளுக்கோஸ் உருவாகிறது, ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. அந்த ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதே தவிர கார்பன் டை ஆக்சைடிலிருந்து அன்று என்பது 1941-இல் ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பைக் கொண்டு செய்த சோதனைகளில் தெரியவந்தது. செல் சுவாசம் சைட்டோபிளாசத்தில் தொடங்கி மைட்டோகாண்ட்ரியாவில் முடிகிறது. குளுக்கோஸ் சிதைந்து, அதன் ஆற்றலில் ஒரு பகுதி ஏ.டி.பி. மூலக்கூறுகளாகச் சேமிக்கப்பட, மீதி வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து 36 அல்லது 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்று பழைய பாடநூல்களில் இருக்கும். இன்றைய கணக்கு 30 முதல் 32 வரை. இலைச் செல்லில் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் சோதனை எளிதாகப் புரியும்.

இதற்கு மூடியுள்ள ஒரே அளவான நான்கு கண்ணாடிக் குழாய்கள் அல்லது சிறு மருந்துப் புட்டிகள், வேலம்பாசி எனப்படும் ஹைட்ரில்லா, பிராம்தைமால் புளூ கரைசல் (அமிலத்தில் மஞ்சளும் காரத்தில் நீலமும் காட்டும் நிறங்காட்டி), ஒரு ஸ்ட்ரா, அலுமினியத் தாள், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஆகியவை வேண்டும். கரைசல் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும். பாசியை வண்ணமீன் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது. புதுச்சேரி அருகிலுள்ள ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே போய்ப் பிடுங்கி வரக் கூடாது. வாங்கிய பாசியில் அழுக்கும் நத்தை முட்டையும் ஒட்டியிருக்கும். அவையும் சுவாசிக்கும் என்பதால் மூன்று முறை அலசி எடுக்க வேண்டும்.

சுண்ணாம்புத் தெளிநீரை முதல் நாளே தயார்செய்து வைத்துவிடலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைப் போட்டு, மூடிக் குலுக்கி, இரவு முழுவதும் அசையாமல் வைத்தால், காலையில் அடியில் வண்டலும் மேலே தெளிந்த நீரும் இருக்கும். மேல்நீரை மட்டும் மெதுவாக வேறு புட்டியில் ஊற்றி உடனே மூட வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே மேலே மெல்லிய ஆடை படியச் செய்துவிடும். இந்த நீர் கண்ணில் படக் கூடாது. குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது.

சோதனைக்கு எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதில்தான் நான் முதலில் தவறினேன். கடலூரில் எங்கள் வீட்டுப் போர்த்தண்ணீரில் துவைத்தால் சோப்பு நுரைக்காது, அவ்வளவு கடினநீர். அதில் நிறங்காட்டியை விட்டு எவ்வளவு ஊதியும் நீலம் அசையவில்லை. நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள பைகார்பனேட், மூச்சுக்காற்றால் வரும் சிறு அமிலத்தன்மையைத் தாங்கிக்கொண்டுவிடுகிறது. கேன் தண்ணீருக்கு மாறியபின் சிக்கல் தீர்ந்தது.

ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் கேன் தண்ணீரை எடுத்து, நிறம் தெளிவாகத் தெரியும் வரை நிறங்காட்டியைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தால் சுண்ணாம்புத் தெளிநீரில் ஓரிரு சொட்டு சேர்த்தால் நீலமாகும். பிறகு ஸ்ட்ராவால் மெதுவாக ஊத வேண்டும்; உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றில் சுமார் 0.04 விழுக்காடாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 4 விழுக்காடு, அதாவது நூறு மடங்கு. அதனால் நிறம் சட்டென்று மாறும். நீலம் கலைந்து இளம்பச்சையாகும் அந்தக் கட்டத்திலேயே ஊதுவதை நிறுத்திவிட வேண்டும். மஞ்சளாகும் வரை போனால் சோதனையின் சுவையே போய்விடும். பச்சையில் தொடங்கினால்தான் நிறம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்: கார்பன் டை ஆக்சைடு கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம்.

இந்தப் பச்சை நீரை நான்கு குழாய்களிலும் விளிம்பு வரை நிரப்பி, மூன்றில் மட்டும் ஒரே நீளமுள்ள பாசித்துண்டைப் போட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும். பாசி இல்லாத நான்காவது குழாய் ஒப்பீட்டுக்கு. அதையும் முதல் குழாயையும் ஒளி நிறைந்த ஜன்னலோரத்தில், தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நிறுத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் நேரடியாக வைத்தால் பாசி வெந்துவிடும். இரண்டாவது குழாயை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றி அதே பாத்திரத்தில் வைக்கலாம். மூன்றாவதை அறையின் உட்பக்கம், செய்தித்தாள் படிக்கச் சற்றுச் சிரமப்படும் அளவுக்கு மங்கலான இடத்தில் வைக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு வைத்தால் பகல் ஒரு மணிக்குள் முதல் குழாய் நீலமாகிவிடும்; பாசித் தண்டின் வெட்டுவாயில் வெள்ளி மணிபோலக் குமிழிகள் நிற்பதும் தெரியும். இரண்டாவது குழாயின் தாளை மாலையில் பிரித்தால் நீர் மஞ்சளாக இருக்கும். நான்காவதில் மாற்றம் இருக்காது; இருந்தால் மூடி சரியில்லை என்று பொருள்.

உண்மையில் இந்த முழுச் சோதனையும் மூன்றாவது குழாய்க்காகத்தான். அது பச்சையாகவே நின்றுவிட்டால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று குழந்தைகள் சொல்வார்கள். அங்கே பாசி இரு வேலைகளையும் செய்துகொண்டிருக்கிறது; சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஒளிச்சேர்க்கை அப்படியே பிடித்துக்கொள்வதால் வெளியே கணக்கு சுழியாகத் தெரிகிறது. இவ்வாறு இரண்டும் சமமாகும் ஒளியளவை ஈடுசெய் புள்ளி என்கிறார்கள். முதல் முயற்சியிலேயே அந்த இடம் அமைவது அரிது. நீலமாகிவிட்டால் இன்னும் உள்ளே தள்ளியும், மஞ்சளாகிவிட்டால் ஜன்னலை நோக்கி நகர்த்தியும், புதுக் கரைசலோடு மறுபடி செய்ய வேண்டும். எங்களுக்கு அது சமையலறை அலமாரியின் இரண்டாம் தட்டில் கிடைத்தது. முதல் குழாயையும் இதே கண்ணோடு பார்க்கலாம்: அங்கும் சுவாசம் நிற்கவில்லை, ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிட்டது, அவ்வளவே. இலைகளின் பச்சைப் பகுதி ஒளியில் காற்றைத் திருத்துகிறது, இருளில் கெடுக்கிறது என்று 1779-இலேயே டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் எழுதிவிட்டார். ஒளியிலும் சுவாசம் தொடர்கிறது என்பதை அவருடைய முறையால் பிரித்துக் காட்ட முடியாது, இந்த மூன்றாவது குழாயால் ஊகிக்க முடியும்.

இலையில் ஸ்டார்ச் இருப்பதைக் காட்டும் அயோடின் சோதனை பாடநூலிலேயே விரிவாக உள்ளது. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். பச்சையத்தை நீக்கப் பயன்படும் ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். வெந்நீரை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்த வெந்நீருக்குள் ஸ்பிரிட் கிண்ணத்தை வைக்க வேண்டும்.

பச்சையம் இல்லாத இடத்தில் சுவாசம் மட்டும் நடப்பதைப் பார்க்க முளைகட்டிய பச்சைப்பயறு போதும். அகன்ற வாய்ப் புட்டியில் இரண்டு கைப்பிடி முளைப்பயறைப் பரப்பி, நடுவே சிறு கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிநீரை வைத்து இறுக மூடினால், சில மணி நேரத்தில் பயறு விடும் கார்பன் டை ஆக்சைடால் நீர் பால்போலக் கலங்கும். ஒப்பீட்டுக்கு அவித்த பயறை வைக்கச் சொல்வது வழக்கம். நானும் அப்படி வைத்து, மறுநாள் காலை பார்த்தபோது அந்தப் புட்டியிலும் நீர் கலங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. மே மாதப் புழுக்கத்தில் அவித்த பயறில் நுண்ணுயிர்கள் பெருகி, பயறுக்குப் பதிலாக அவை சுவாசித்திருந்தன. ஆகவே காய்ந்த பயறையே ஒப்பீட்டுக்கு வையுங்கள். அதுவும் உயிருள்ளதுதான், ஆனால் ஈரம் இல்லாததால் அதன் சுவாசம் அளக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. முளைப்பயறை பிளாஸ்கில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகி வைத்தால் சூடு ஏறுவதையும் காணலாம்.

வேரும் சுவாசிக்கிறது என்பதற்குச் சோதனையே வேண்டியதில்லை; கடலூர் மாவட்டத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. அலையாத்திக் காட்டின் சேற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அதனால் வெண்கண்டல் மரம் தன் கிடைவேர்களிலிருந்து பென்சில்போன்ற சுவாச வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. அவற்றின் தோலிலுள்ள பட்டைத்துளைகள் வழியே காற்று உள்ளே இறங்குகிறது. நீர் வற்றிய நேரத்தில் படகில் போனால் வரிசை வரிசையாக அவை நிற்பது தெரியும். அந்த ஏற்பாடு இல்லாத வாழையும் தொட்டிச்செடியும் அடியில் தண்ணீர் தேங்கினால், மேலே வெயில் இருந்தும் வாடுவது இதனால்தான். தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடலாம்.

சோதனை முடிந்ததும் பாசியை வாய்க்காலிலோ குளத்திலோ வீச வேண்டாம். ஹைட்ரில்லா சிறு துண்டிலிருந்தும் தழைத்துவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.