ஜெர்மனியில் முதல் டிசம்பர்: கடை அடைக்கும் முன் செய்து வைக்க வேண்டியவை

படிக்க வந்தவர்களாகட்டும், வேலைக்கு வந்தவர்களாகட்டும், அக்டோபரில் ஜெர்மனியில் வந்து இறங்கினால் முதல் இரண்டு மாதம் யோசிக்கவே நேரம் இருக்காது. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வீடு தேடல் என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். தீபாவளிகூட அந்த ஓட்டத்தில் ஒரு வீடியோ காலோடு முடிந்துபோயிருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரம் எல்லாம் சட்டென்று நிற்கும். வகுப்பு கிடையாது, அலுவலகத்தில் ஆள் கிடையாது, கூடத் தங்கியிருப்பவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரவர் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், ஹாஸ்டல் மாடியில் நீங்களும் ஃபிரிட்ஜ் சத்தமும்தான். முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்களுக்கு அந்த நாட்கள் நல்ல ஓய்வு. மற்றவர்களுக்கு ரொம்ப நீளம்.

ஊருக்கே போய்விட்டு வந்துவிடலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். வீட்டில் கல்யாணம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் யோசிக்காமல் போங்கள். மனசு சரியில்லை என்பதற்காக மட்டும் என்றால், முதல் வருடம் வேண்டாம் என்பது என் கட்சி. டிசம்பர் கடைசியில் சென்னை டிக்கெட் விலை எங்கேயோ நிற்கும், மாணவர்களுக்குப் பிப்ரவரியில் தேர்வு வரும், எல்லாவற்றுக்கும் மேலாக, மார்கழிக் கோலமும் அம்மா சமையலுமாக இரண்டு வாரம் இருந்துவிட்டு ஜனவரிக் குளிரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போது அக்டோபரில் பட்ட பாட்டை முதலிலிருந்து பட வேண்டும். மார்ச்சில் செமஸ்டர் விடுமுறையில் போனால் அதே காசுக்கு நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம்.

சரி, தங்குவது என்று முடிவாகிவிட்டால் முதல் வேலை, நாட்காட்டியை எடுத்துக் கடை திறந்திருக்கும் நாட்களைக் குறிப்பது. ஞாயிறு கடை இல்லை என்பது இதற்குள் பழகியிருக்கும். டிசம்பர் 24 அரசு விடுமுறை இல்லை, ஆனால் மதியம் 2 மணிக்குள் கடைகளை மூடிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 25, 26 இரண்டும் விடுமுறை. ஜனவரி 1 விடுமுறை. பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க், சாக்சன் அன்ஹால்ட் மாநிலங்களில் ஜனவரி 6-ம் விடுமுறை. இதோடு ஞாயிறு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. வியாழன் மதியம் மூடினால் திங்கள் காலைதான். நம் ஊரில் முழு அடைப்பு அன்றுகூடத் தெருமுனைக் கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கிப் பால் பாக்கெட் கொடுப்பார், இங்கே அந்தக் கதையெல்லாம் நடக்காது.

24-ம் தேதி மதியம் ஒரு மணிக்கு ரேவே, ஆல்டி எதற்குள்ளாவது நுழைந்து பார்த்தால் புரியும். வரிசை மாவு, சர்க்கரை அடுக்கு வரை நீண்டிருக்கும், கொத்தமல்லி இருந்த பெட்டியில் ஈரமும் இரண்டு தண்டும் கிடக்கும். அதனால் கனமானதை 21, 22-ம் தேதியே முடித்துவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தமிழ்க்கடையில் முதல் வாரமே. பால், தயிர், முட்டை, வெங்காயம், தக்காளி, பிரெட் மட்டும் கடைசியில். இட்லி மாவு அரைக்க வழி இருந்தால் அரைத்து வையுங்கள், ஆனால் குளிரில் மாவு புளிக்காமல் படுத்தும், மாவை ஓவனுக்குள் வைத்து மூடி, உள்ளே விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க விட்டால் பொங்கிவிடும். அப்படியும் ஏதாவது தீர்ந்துபோனால் பெரிய ரயில் நிலையத்துக்குப் போங்கள். பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் மாதிரி நகரங்களில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் விடுமுறையிலும் சில மணி நேரமாவது திறந்திருக்கும், விலை மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

உணவைவிட முக்கியம் மருந்து. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கை மூடிவிடுவார்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 15-ம் தேதிக்குள் சீட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் காய்ச்சல் என்று வந்தால் 116117 என்ற எண்ணில் கூப்பிட்டால் பணியில் இருக்கும் டாக்டரைச் சொல்வார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருந்துக்கடைகள் முறைவைத்துத் திறந்திருக்கும், அன்றைக்கு எந்தக் கடை என்று மூடியிருக்கும் கடையின் கண்ணாடிக் கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். விசா தேதி ஜனவரியில் முடிகிறவர்கள் நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், அந்த அலுவலகம் சாதாரண நாளிலேயே என்ன வேகம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்த 24-ம் தேதி சாயங்காலம். இங்கே கிறிஸ்துமஸ் என்பது உண்மையில் அன்று சாயங்காலம்தான். குடும்பம் மொத்தமும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்து பரிசு பிரிக்கும் நேரம். நாலரை மணிக்கு இருட்டிவிடும், பஸ், டிராம் குறைந்துவிடும், தெருவில் ஓர் ஆள் இருக்காது. ஏசு பிறந்த நாளை ஊர் முழுக்க ஸ்டார் கட்டி, நள்ளிரவில் கோயில் வாசலில் கும்பலாக நின்று கொண்டாடிப் பழகிய நமக்கு இந்த அமைதி முதல் தடவை வயிற்றைப் பிசையும். உடனே வீட்டுக்குப் போன் போடத் தோன்றும். இங்கேதான் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால் போகிறது. இங்கே இரவு எட்டு என்றால் அங்கே பன்னிரண்டரை, எல்லோரும் தூங்கியிருப்பார்கள். உங்களுக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் வீட்டில் ஆள் கிடையாது. அதனால் அம்மா அப்பாவுடன் பேசுவதை மதியம் ஒரு மணிக்கு வைத்துக்கொண்டு, இரவுக்கு இங்கேயே இருக்கும் யாரையாவது பிடித்து வையுங்கள். ஊருக்குப் போகாத ஆட்கள் எல்லா ஹாஸ்டலிலும் இருப்பார்கள், நைஜீரியாக்காரர், ஈரான்காரர், பக்கத்து அறை ஆந்திரா பையன், எல்லோரும் இதே யோசனையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பர் 10 வாக்கில் 'நான் பிரியாணி செய்கிறேன், நீங்கள் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள்' என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும். 24 அன்றே கேட்கலாம் என்று விட்டால், எல்லோரும் அடுத்தவர் கேட்கட்டும் என்று அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள்.

கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் அன்று மாலை தேவாலயத்துக்குப் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பாட்டு நன்றாக இருக்கும். சில நகரங்களில் ஈழத் தமிழர்கள் தமிழிலேயே திருப்பலி நடத்துகிறார்கள், தமிழ்க்கடையில் விசாரித்தால் எங்கே, எப்போது என்று தெரிந்துவிடும். அந்தக் கடைக்கார அண்ணனிடமோ அக்காவிடமோ நின்று நாலு வார்த்தை பேசிப் பழகி வைப்பது எப்படியும் நல்லது, முப்பது வருடக் குளிரைப் பார்த்தவர்கள் அவர்கள், எந்தக் கடையில் எந்த ஜாக்கெட் என்பதுவரை சொல்வார்கள்.

ஜெர்மன் நண்பரோ சக ஊழியரோ தன் வீட்டுக்கே அழைத்தால் சும்மா ஒப்புக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தட்டிக்கழிக்காதீர்கள். இங்கே ஒப்புக்குக் கூப்பிடும் பழக்கம் குறைவு, அதுவும் 24 அன்று கூப்பிட்டால் அது பெரிய விஷயம். சாப்பாடு விஷயத்தை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். அன்று இரவு நிறைய வீடுகளில் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான். சைவக்காரர்கள் 'சாலட் இருக்கிறதே' என்று நம்பிப் போகக்கூடாது, வடக்கே மயோனைஸ் போடுவார்கள், தெற்கே ஷ்வாபியா, பவேரியா பக்கம் மாட்டிறைச்சி சூப்பை ஊற்றிக் கிளறுவது வழக்கம். மறுநாள் வாத்து வறுவலோடு வரும் சிவப்பு முட்டைக்கோஸிலும் கொழுப்பு சேர்த்திருக்கலாம். சாப்பிட மாட்டேன் என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தட்டை வைத்த பிறகு சொன்னால்தான் அவர்களுக்குத் தர்மசங்கடம். போகும்போது பூங்கொத்தோ நம் ஊர் இனிப்போ போதும். வாசலில் ஷூ கழற்றச் சொல்வார்கள், ஓட்டை இல்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். வேறு எதுவும் பெரிதாக இல்லை.

கிறிஸ்துமஸ் சந்தைகளை டிசம்பர் கடைசிக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். நவம்பர் கடைசியில் தொடங்கி, பெரும்பாலானவை 23, 24-ம் தேதியோடு மூடிவிடும், லீவு விட்டதும் போகலாம் என்று இருந்தால் தட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். டிரெஸ்டன் சந்தை 1434-ல் தொடங்கியது, நூரம்பெர்க் சந்தை உலகப் புகழ், ஆனால் சனிக்கிழமை மாலை போனால் ரங்கநாதன் தெருதான், வாரநாள் மதியம் போங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு இருந்தால் மெதுவாகப் போகும் ரயில்களில் கூடுதல் செலவில்லாமல் போய் வந்துவிடலாம், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். சில்லறையாகக் கையில் காசு வேண்டும். மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினைத் தரும் பீங்கான் கோப்பைக்குச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். குடிக்காதவர்கள் குழந்தைகளுக்கான பஞ்ச் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து ஆப்பிள் மசியலோடு தரும் அடை ஒன்று உண்டு, முட்டை சேர்ப்பார்கள், சுடச்சுட இரண்டு தின்றால் குளிர் தெரியாது.

டிசம்பர் 21-ஐ ஒட்டி பெர்லினில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலுக்கு முன்பே போய்விடும். லீவு என்று பதினொரு மணிவரை போர்த்திக்கொண்டு தூங்கினால் வெளிச்சத்தையே பார்க்காமல் நாள் போய்விடும், இரண்டாம் நாளே காரணம் புரியாமல் எரிச்சல் வரும். மழையோ பனியோ, பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள். இதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஜனவரியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடந்தும் பேசியும் சரியாகவில்லை, ரொம்பவும் பாரமாக இருக்கிறது என்றால் 0800 111 0 111 இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும் ஆள் எடுப்பார்கள், பேர் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து பார்சல் அனுப்பச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது, எனவே நெய், கருவாட்டுக்கு அண்ணனான உப்புக்கண்டம் எல்லாம் கிடையாது. கறிவேப்பிலை, மாங்காய்க்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பரிசுப் பொருளின் மதிப்பு 45 யூரோவைத் தாண்டினால் வரி. அம்மாவிடம் பருப்புப்பொடி, வடகம், முறுக்கு என்று கேளுங்கள், உள்ளே என்ன, என்ன விலை என்று மேலே தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஏக்கம் இருந்தால் டிசம்பர் 31 இரவு தீர்த்துக்கொள்ளலாம். வெடி விற்பனை 29 முதல் 31 வரைதான், 28 முதல் என்பது அந்த மூன்றில் ஒன்று ஞாயிறாக இருந்தால் மட்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவமனை, தேவாலயம், மரச்சட்ட வீடுகள் பக்கத்தில் வெடிக்கத் தடை, சில ஊர்களில் நகர மையமே தடைப் பகுதி. எல்லை தாண்டி வாங்கி வந்த வெடி என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

கிறிஸ்துமஸை நம் பண்டிகையாக மாற்ற ரொம்ப மெனக்கெட வேண்டாம் என்பேன், விருந்தாளியாகப் போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு, அந்த உழைப்பைப் பொங்கலுக்குப் போடுங்கள். நல்ல தேதியில் வருகிறது, எல்லோரும் ஊரிலிருந்து திரும்பியிருப்பார்கள், தேர்வு இன்னும் தொடங்கியிருக்காது. அருகில் இருந்தால் ஹாம் நகரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகலாம், 2002-ல் குடமுழுக்கு நடந்த, கோபுரத்தோடு கூடிய முழுத் தென்னிந்தியக் கோயில். வீட்டில் பொங்கல் வைப்பதானால் சூரியனுக்குக் காத்திருந்தால் எட்டு மணி தாண்டிவிடும், வேலை நாளில் கட்டுப்படியாகாது, பேசாமல் அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் பித்தளைப் பானை சூடாகாது, கண்ணாடி அடுப்பில் பாலை வழியவிட்டால் சுரண்டி எடுக்க அரை நாள் ஆகும், ஓரமாக இரண்டு சொட்டு வழிந்தாலே பொங்கியதாகக் கணக்கு. சாம்பிராணியைப் புகை அலாரத்துக்குக் கீழே காட்டாதீர்கள், ஹாஸ்டலில் அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் பில் உங்கள் பெயருக்கு வரக்கூடும். டிசம்பரில் உங்களை அழைத்தவர்களையும் கூப்பிடுங்கள். ஆறு மணி என்று சொன்னால் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே காலிங் பெல் அடிப்பார்கள், அதற்குள் வடையைப் பொரித்து முடித்துவிடுங்கள்.