விண்டோஸ் அப்கிரேடுக்குப் பிறகு திரை சரியில்லையா? கிராஃபிக்ஸ் டிரைவரை வரிசையாகச் சரிசெய்வோம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், நிறையப் பேர் தங்கள் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிந்துவிடும். ஆனால் சிலருக்கு ரீஸ்டார்ட் ஆனதும் ஐகான்கள் எல்லாம் பெரிது பெரிதாக நிற்கும், வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, இரண்டாவது மானிட்டர் உயிரில்லாமல் கிடக்கும், வீடியோ திக்கித் திக்கி ஓடும், இன்னும் சிலருக்குத் திரை முழுக்கக் கறுப்பு. உடனே கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் பாகம்) போய்விட்டது என்று பயந்து கணினியைத் திறக்க வேண்டாம். நேற்று வரை நன்றாக ஓடிய கார்டு அப்கிரேட் ஆன அதே நேரம் பார்த்துக் கெட்டுப்போவது அபூர்வம். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான்.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள். திரையில் எதை எங்கே வரைய வேண்டும் என்று விண்டோஸ் சொல்வதை, அந்தக் குறிப்பிட்ட கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இயங்குதளம் மாறும்போது டிரைவரிடம் அது எதிர்பார்ப்பதும் மாறும். விண்டோஸ் 11-க்கு டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் கார்டும், டபிள்யூடிடிஎம் (விண்டோஸ் டிஸ்ப்ளே டிரைவர் மாடல்) 2.0 வகை டிரைவரும் வேண்டும். பொருத்தமான டிரைவர் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தன் கைவசம் இருக்கும் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பொது டிரைவரை வைத்துத் திரையைக் காட்டும். அது ஸ்டெப்னி டயர் மாதிரி. வண்டி நகரும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். பழைய டிரைவரை நீக்காமல் அதன் மேலேயே புதியதை நிறுவுவது, அது சரிவராவிட்டால் வேறொரு பதிப்பை அதற்கும் மேலே போடுவது என்று இரண்டு நாள் மாலை முழுவதையும் என் லேப்டாப்பில் வீணாக்கினேன், கடைசியில் பார்த்தால் நான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த கார்டில் பிரச்சினையே இல்லை, பிராசஸரோடு சேர்ந்து வரும் இன்னொரு கிராஃபிக்ஸின் டிரைவர்தான் போயிருந்தது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் திரையைப் பாருங்கள், சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: திரை கறுப்பாக இருந்தால்

திரை தெரிகிறவர்கள் நேராகப் படி 2-க்குப் போகலாம்.

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம் கேட்டுத் திரை ஒரு முறை மின்னினால் டிரைவர் மறுபடி தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கறுப்புத் திரையில் மவுஸ் அம்புக்குறி மட்டும் தெரிந்தால் அது டிரைவர் கோளாறாகவே இருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், டெஸ்க்டாப் வந்துவிடலாம்.

மேசைக் கணினியில் தனி கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் சொருகியிருக்கிறதா, மதர்போர்டில் இருக்கும் துளையில் சொருகியிருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் நிறைய நேரத்தைக் காப்பாற்றும்.

இதெல்லாம் செய்தும் ஒன்றும் தெரியவில்லையா? கணினி தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடக்கம் பாதியில் நின்றால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீலத் திரைக்குப் போகும். அங்கிருந்து சேஃப் மோடுக்கு (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலை) போகும் வழி படி 4-இல் இருக்கிறது.

படி 2: இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது?

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்ற வரியை விரித்தால் கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் எல்லாம் வரும். ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால் குழம்ப வேண்டாம், பல லேப்டாப்களில் பிராசஸருக்குள் ஒன்றும் தனியாக ஒன்றும் இருக்கும், திரை பெரும்பாலும் பிராசஸருக்குள் இருப்பதோடு இணைந்திருக்கும்.

அங்கே பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், சரியான டிரைவர் இல்லை என்பது உறுதி. கார்டின் சொந்தப் பெயரே வந்து, அதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டபுள் கிளிக் செய்து ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். கோட் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. கோட் 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், ரைட் கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். கோட் 43 கொஞ்சம் தொந்தரவானது. கார்டு ஏதோ கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள், அது டிரைவராலும் வரும், உண்மையான வன்பொருள் பழுதாலும் வரும். அதை டிரைவர் என்றே வைத்துக்கொண்டு முதலில் படி 4 வரை செய்து பார்ப்பதுதான் நியாயம்.

கார்டின் பெயரே தெரியவில்லை என்றால் அதே ஜன்னலில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு சரம் வரும், அதன் தொடக்கத்தில் தயாரிப்பாளர் எண் இருக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. யாருடைய தளத்துக்குப் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெயர் சரியாக இருக்கிறது, மஞ்சள் முக்கோணமும் இல்லை, ஆனால் திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது என்பவர்களுக்கு ஒரு விளக்கம். கார்டு சுமார் 2 விநாடி பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதன் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருந்தால் அதுதான் நடக்கிறது. இவர்கள் ‘டிரைவர்’ பக்கத்தில் உள்ள ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டனை முதலில் முயன்று பாருங்கள். பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

படி 3: எதையும் நீக்கும் முன் புதிய டிரைவரைக் கையில் எடுத்து வையுங்கள்

முதலில் எளிய வழி. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அங்கே டிரைவர் ஏதாவது காத்திருந்தால் நிறுவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்கிரேட் முடிந்த முதல் அரை மணி நேரத்தில் விண்டோஸ் பின்னணியில் தானாகவே டிரைவர் தேடிக்கொண்டிருக்கலாம், அதனால் இணையத்தோடு இணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இதிலேயே தீரக்கூடியது என்பது என் அனுபவம்.

தீரவில்லை என்றால், லேப்டாப்காரர்கள் முதலில் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் மாடலுக்கென்று டிரைவரில் மாற்றம் செய்திருப்பார்கள். இன்டெல் தளத்தின் பொதுவான டிரைவரைப் போடும்போது ‘இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்படவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் காரணம் இதுதான். மேசைக் கணினிக்கு இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலேயே நேராக எடுக்கலாம். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள், இதை நான் மிக அழுத்திச் சொல்கிறேன். தவறான டிரைவரைத் தலையில் கட்டுவதும், கூடவே வேண்டாத நிரல்களை இறக்குவதும் அவற்றில் சகஜம்.

எடுத்த கோப்பைப் பென்டிரைவிலும் ஒரு நகல் வையுங்கள்.

உங்கள் கார்டு பழையதா என்பதும் இங்கே தெரிந்துவிடும். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 600 வரிசைக்கும் 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கும், 470 வரிசை டிரைவர்தான் கடைசி. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு (பெரும்பாலும் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகள்) 2025 அக்டோபரோடு புதிய கேம் டிரைவர்கள் நின்று, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 400-க்கு முந்தைய பல கார்டுகள் 2021 ஜூனிலேயே பழைய பட்டியலுக்குப் போய்விட்டன. இன்டெல்லின் 6 முதல் 10-ஆம் தலைமுறை வரையிலான பிராசஸர்களின் கிராஃபிக்ஸுக்குத் தனி டிரைவர் வரிசை உண்டு. அதனால் தளத்தில் முதலில் தெரிவதை எடுக்காமல், உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்த பிறகு வருவதை மட்டும் எடுங்கள். பொருந்தாத பதிப்பைப் போட்டால் பொருத்தமான கார்டே இல்லை என்று இன்ஸ்டாலர் சொல்லும், கார்டு உயிரோடுதான் இருக்கும்.

படி 4: பழையதைச் சுத்தமாக நீக்குதல்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், அவசரத்தில் செய்கிற வேலை இல்லை.

சேஃப் மோடுக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் டிஸ்க் பிட்லாக்கரால் (டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டப்பட்டிருந்தால், நடுவில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பல லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். எண் கிடைக்காமல் தொடங்கவே வேண்டாம், டிரைவர் போனால் திரும்ப நிறுவலாம், பூட்டிய டிஸ்கில் மாட்டிக்கொண்ட போட்டோக்களை அப்படி மீட்க முடியாது.

சாதாரணமாகப் பலருக்கு இது போதும்: இணையத்தைத் துண்டியுங்கள், டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள், டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் சிறு பெட்டியில் டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட். நடுவில் திரை ஒரு கணம் கறுக்கும், பிறகு பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் பெரிய எழுத்துகளோடு வரும். அது சரிதான். இணையத்தை ஏன் துண்டிக்க வேண்டும் என்றால், நீங்கள் நீக்கிய மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் தனக்குத் தோன்றிய டிரைவரை எடுத்து நிறுவத் தொடங்கிவிடும், நீங்களும் அதே நேரத்தில் நிறுவினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

இப்படி நீக்கியும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவி. டிடியு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். கருவியைத் திறந்து ஜிபியு என்பதையும், நிறுவனத்தின் பெயரையும் தேர்ந்தெடுத்து, ‘க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்’ கொடுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

படி 5: புதியதை நிறுவுதல்

இணையம் இன்னும் துண்டித்தபடியே இருக்கட்டும். இரண்டு கிராஃபிக்ஸிலும் டிரைவர் இல்லை என்றால் முதலில் பிராசஸருக்குள் இருப்பதற்கு நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள், தனி கார்டுக்கு அதன் பிறகு. என்விடியா இன்ஸ்டாலரில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்தால் ‘க்ளீன் இன்ஸ்டலேஷன்’ என்று ஒரு பெட்டி வரும், அதில் டிக் செய்யுங்கள். திரை இரண்டு மூன்று முறை மின்னும், சில விநாடி கறுக்கவும் செய்யும். கை பரபரத்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

ரீஸ்டார்ட் ஆனதும் டிவைஸ் மேனேஜரில் பெயரைப் பாருங்கள், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ரெகமெண்டட்’ என்று குறிக்கப்பட்ட ரெசல்யூஷனை வையுங்கள், இரண்டாவது மானிட்டரைச் சொருகிப் பாருங்கள், ஒரு வீடியோவை முழுத்திரையில் ஓட விடுங்கள். நன்றாக இருந்தால் இப்போது இணையத்தை இணைக்கலாம்.

எதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றால்

அப்கிரேட் செய்து 10 நாள் ஆகவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் ‘கோ பேக்’ பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். உங்கள் கோப்புகள் இருக்கும், ஆனால் அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய நிரல்கள் போய்விடும். இடத்தை அடைக்கிறது என்று ‘விண்டோஸ் ஓல்டு’ ஃபோல்டரை நீக்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், அதனால் திரை சரியாகும் வரை அதைத் தொடாதீர்கள். பழைய விண்டோஸிலும் அதே கோளாறு வந்தால்தான் கார்டைச் சோதிக்கக் கொண்டுபோக வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு என்விடியா கார்டில் இதே பிரச்சினை வருவது உண்டு. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறும்போது டிரைவரும் அதற்கேற்ப மறுபடி உருவாக வேண்டும், அது பாதியில் தவறினால் திரை வராது. தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழையுங்கள், அப்புறம் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ திறந்து பரிந்துரைக்கப்படும் டிரைவரை நிறுவுங்கள். வெளி மூலம் ஒன்றிலிருந்து டிரைவர் எடுத்துக்கொண்டிருந்தால், பதிப்பு மாறும்போது உபுண்டு அதை முடக்கியிருக்கும், மறுபடி இயக்க வேண்டும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் ‘என்ரோல் எம்ஓகே’ என்று ஒரு நீலத் திரை வரும். புரியாமல் அதைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் டிரைவர் நிறுவியும் ஓடவில்லை என்று தவிக்கிறார்கள். அங்கே அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

திரை சரியாகிவிட்டது என்றால், அதே நாளில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தேடி ஒரு மீட்புப் புள்ளி உருவாக்கி வையுங்கள், வேலை செய்த அந்த டிரைவர் கோப்பைப் பென்டிரைவிலிருந்து அழிக்காமல் விடுங்கள்.